கந்தவேல் சாரின் நெஞ்சு

கந்தவேல் சாருக்கு நெஞ்சில் கோளாறு என்பது மந்தைவயலில் தன் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் மனைவி மணிமேகலை ஒன்றரை வருடம் நம்பிக்கொண்டிருந்தாள்.

இரண்டாயிரத்துப் பதினேழு சித்திரையில் மதுரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். இரண்டு இடத்தில் அடைப்பு. ஒன்றுக்கு ஸ்டென்ட் வைத்தாயிற்று, இன்னொன்றை மாத்திரையிலேயே ஓட்ட வேண்டும். குளிர் ஆகாது, மேடு ஏறக் கூடாது, ஓடவே கூடாது, முடிந்தால் கீழே சமவெளிக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விடுங்கள் என்றார் டாக்டர். ஊரில் பயிற்சி வகுப்புக்குப் போயிருக்கிறார் என்று சொல்லியிருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் மணிமேகலை வளைவுக்கு வளைவு கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தவரின் மகள் அவள். பதினைந்து வருடம் மலையில் குடித்தனம் பண்ணியும் மலைப்பாதை அவளுக்குப் பழகவில்லை. பெருமாள்மலை தாண்டியதும் அவர் மெதுவாகச் சொன்னார்.

"ஊருக்குத் தெரிய வேணாம் மேகலை. தெரிஞ்சா பிள்ளைகளை எங்கூட அனுப்ப மாட்டாங்க."

தலைசுற்றலில் அவள் சரி என்று தலையாட்டிவிட்டாள். நிதானத்தில் இருந்திருந்தால் ஆட்டியிருப்பாளா என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறாள்.

கந்தவேல் அந்த ஊர்க்காரர்தான். பூண்டு போடுகிற குடும்பம். ஊரில் முதலில் பி.எட். படித்தவர் அவர். வெளியூர்களில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு, மந்தைவயல் அரசுப் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியராகத் திரும்பி வந்தார். அங்கே விளையாட்டு ஆசிரியர் கிடையாது. சாயங்காலத்தில் பிள்ளைகள் சும்மா இருக்கிறார்களே என்று வாலிபால் வாங்கிக் கொடுத்தார். மேல்மலையில் சமதரை ஏது? பந்து எல்லை தாண்டினால் பள்ளத்தில் உருண்டு கேரட் தோட்டங்களைத் தாண்டி ஓடையில்தான் போய் நிற்கும். எடுத்து வர அரை மணி நேரம் ஆகும். ஒரு மாதம் பார்த்தார். பந்தே இல்லாத விளையாட்டு எது என்று தேடிக் கோ-கோவைப் பிடித்தார். ஊர்க்காரர்கள் எட்டு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டி பிடித்து மைதானத்துக்குச் சரிவை வெட்டிக் கொடுத்தார்கள். இரண்டு தைலமரக் கம்பங்களை இழைத்து அவரே நட்டார். ஆண் பிள்ளைகள் பத்து நாளில் சலித்துப்போய் விலகிவிட்டார்கள். பெண் பிள்ளைகள் நின்றார்கள்.

அவர் சத்தம் போடுகிற வாத்தியார் இல்லை. வீட்டிலும் அப்படித்தான். மலைக்குளிரில் மணிமேகலைக்கு விரல் நுனியெல்லாம் வெடித்துவிடும், ஊக்கைக்கூடப் பிடிக்க முடியாது. அதனால் மூத்தவள் லாவண்யாவுக்கும் சின்னவள் கண்மணிக்கும் காலையில் வெந்நீர் வைத்து, தலைவாரி, ரெட்டைச்சடை பின்னி விடுவது அவர் வேலை. வகிடு கோணாமல் எடுப்பார். அந்தப் பின்னலைப் பார்த்து மைதானத்துப் பிள்ளைகளும் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்பது உண்டு.

மாறுதல் கலந்தாய்வு வைகாசியில் வரும். அந்த வருடம் மணிமேகலை அவரை விண்ணப்பம் எழுத வைத்தாள். அவர் எழுதினார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், கொடுக்கவில்லை. தான் போய்விட்டால் அந்த இடத்துக்கு ஆள் வர இரண்டு வருடம் ஆகும், மூன்று பேர் பார்க்கிற பள்ளிக்கூடத்தை இரண்டு பேர் எப்படிப் பார்ப்பார்கள் என்றார்.

"ஒங்க பிள்ளைக ரெண்டும் கணக்குல வராதா?" என்று கேட்டாள் அவள். அவர் சட்டைப்பையை ஒருதரம் தொட்டுக்கொண்டார். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை.

அதிலிருந்து அவள் நாட்கள் வேறு மாதிரி ஆயின. பூண்டுத் தோட்டத்திலிருந்து பார்த்தால் மைதானம் தெரியாது, நடுவில் ஒரு மேடு. ஆனால் விசில் கேட்கும். சாயங்காலம் நாலரை மணிக்கு முதல் விசில். களை எடுக்கிற கை எடுத்துக்கொண்டே இருக்கும், காது மேட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கும். இரண்டு விசிலுக்கு நடுவில் கொஞ்சம் இடைவெளி விழுந்தால் நிமிர்ந்துவிடுவாள். ஒருநாள் பத்து நிமிடம் சத்தமே இல்லை. களைக்கொத்தைப் போட்டுவிட்டு மேட்டின்மேல் ஓடி நின்று பார்த்தால், மனிதர் ஒரு பிள்ளையின் காலில் குத்திய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை அவர் சட்டைப்பையில் ஒரு பட்டை, அவள் முந்தானை முடிச்சில் ஒரு பட்டை, எப்போதும் இருந்தது.

அடுத்த வருடம் ஐப்பசிக் கடைசியில் ஒட்டன்சத்திரத்தில் போட்டி. பன்னிரண்டு பிள்ளைகள், அதில் லாவண்யாவும் உண்டு. ஊர்ப் பூண்டு விவசாயி சேனாதிபதியின் மகள் பாண்டிச்செல்விதான் அணித்தலைவி. துணைக்கு முருகேஸ்வரி டீச்சர். வேல்ராஜின் வேனில் வெள்ளிக்கிழமை வெள்ளனே கிளம்பிப் போனார்கள். சனிக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்கு அவர் போன் பண்ணினார். பழனி ரோட்டில் மரங்கள் விழுந்து கிடக்கின்றன, அதனால் பாச்சலூர் வழியாக வருகிறோம், ஒட்டன்சத்திரம் தாண்டியாயிற்று, எட்டு மணிக்குள் வந்துவிடுவோம் என்றார். பின்னால் பிள்ளைகள் பாடுகிற சத்தம் கேட்டது. மாத்திரை போட்டாச்சா என்று அவள் கேட்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. அதற்குப்பிறகு யார் போனுக்கும் யாரும் கிடைக்கவில்லை.

எட்டு மணிக்கு வரவில்லை. விடிந்தும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாய் தகப்பன்மார் ஒவ்வொருவராக மணிமேகலை வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். மழை விட்டிருந்தது, மேகம் தரையோடு கிடந்தது. பாண்டிச்செல்வியின் அம்மா அன்னக்கொடி அடுப்படிக்குள் வந்து, கேட்காமலே எல்லாருக்கும் காப்பி போட ஆரம்பித்தாள். கை சும்மா இருந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது அவளுக்கு. ஒன்பது மணிக்குக் கொடைக்கானலிலிருந்து காய்கறி லாரிக்காரர் ஒருவர் சேதி கொண்டுவந்தார். பாச்சலூருக்கும் தாண்டிக்குடிக்கும் நடுவில் இரண்டு இடத்தில் மண் சரிந்திருக்கிறது. ஒரு வண்டி பள்ளத்தில் கிடக்கிறதாம். என்ன வண்டி என்று சொன்னவருக்குத் தெரியவில்லை.

வாசலில் ஒரு அம்மா அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்தாள். அப்போது சேனாதிபதிதான் எல்லாருக்கும் தைரியம் சொன்னார். நாலு ஏக்கர் பூண்டும் ஒரு பிக்கப் வண்டியும் வைத்திருக்கிற மனிதர், அதிகம் பேசாதவர்.

"எந்த வண்டியோ என்னமோ. நம்ம பிள்ளைக கூட இருக்கறது யாரு? கந்தவேலு. கல்லு மாதிரி ஆளு. வண்டி போகலன்னா பன்னெண்டு பிள்ளைகளையும் தோள்ல தூக்கிக்கிட்டாவது மேலே ஏறி வந்துருவாரு. நீங்க எதுக்குக் கலங்குறீங்க?"

மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு முகங்கள் கொஞ்சம் தெளிந்தன. தரையில் உட்கார்ந்திருந்தவள்கூட எழுந்துகொண்டாள்.

மணிமேகலை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எதை நம்பி இவர்கள் நிற்கிறார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும். இந்தக் குளிரில் அவர் மண்சரிவில் ஏறிக்கொண்டிருந்தால், பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், ஆளில்லாத காட்டில் பன்னிரண்டு சின்னப் பிள்ளைகளும் ஒரு டீச்சரும் என்ன செய்வார்கள்? அதைத் தெரிந்துகொண்டேதான் அவள் வெள்ளிக்கிழமை எல்லாப் பிள்ளைகளுக்கும் புளிச்சோறு கட்டிக்கொடுத்து அனுப்பினாள். சொல்லிவிட்டால் அவர் முகத்தில் இனி விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் இவர்கள் முகத்தில். முந்தானை முடிச்சை விரலால் நெருடிக்கொண்டே நின்றாள். பிறகு அன்னக்கொடி ஒரு டம்ளர் காப்பியை அவள் கையில் வைத்து, "குடிங்கக்கா, சார் இருக்காருல்ல" என்றாள். அதை மணிமேகலையால் தாங்க முடியவில்லை.

"அண்ணே" என்றாள் சேனாதிபதியைப் பார்த்து. "அவருக்கு நெஞ்சு சரியில்லண்ணே. ஒன்றரை வருசமா மாத்திரையிலதான் ஓடுறாரு. மேடு ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காங்க. நான்தான் மறைச்சேன்."

அன்னக்கொடி டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாயிருந்திருக்கும். சேனாதிபதி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இதை வெள்ளிக்கிழமை சொல்லிருக்கணும் தங்கச்சி" என்றார். "மாத்திரை இருக்கா? எடுத்துக்கிட்டு வெரசா வண்டியில ஏறு."

பிக்கப்பின் பின்னால் ஐந்து ஆண்கள், கயிறு, மண்வெட்டி. முன்னால் சேனாதிபதி பக்கத்தில் மணிமேகலை. கண்மணியை அன்னக்கொடி இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பூம்பாறை, கொடைக்கானல், செண்பகனூர், பெருமாள்மலை என்று வண்டி இறங்கியது. எந்த வளைவிலும் அவள் கண்ணை மூடவில்லை. எதிரே வருகிற ஒவ்வொரு வண்டியையும் வேல்ராஜின் வேனா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். பண்ணைக்காட்டில் விசாரித்தார்கள், தெரியாது என்றார்கள். தாண்டிக்குடியில் டீக்கடைக்காரர் ஒருவர், பள்ளத்தில் கிடப்பது லாரி, டிரைவர் குதித்துவிட்டார் என்றார். வேன் எதையும் பார்க்கவில்லையாம். சேனாதிபதி நீளமாக மூச்சு விட்டார். மணிமேகலையால் அதுகூட முடியவில்லை. அவள் பயப்பட்டது வேனுக்காக மட்டும் அல்லவே.

தாண்டிக்குடி கழிந்து ஆறேழு கிலோமீட்டரில் ரோடு இல்லை. காப்பித் தோட்டத்து மண்ணும் வேரோடு சாய்ந்த சில்வர் ஓக் மரங்களும் குறுக்கே கிடந்தன. ஆண்கள் இறங்கி அதன்மேல் ஏறிப் பார்த்தார்கள். அந்தப்பக்கம் மேகம்தான். சேனாதிபதி இரண்டு கையையும் குவித்து, "ஏத்தா பாண்டி" என்று கூப்பிட்டார். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது கீழேயிருந்து ஒரு பெண்குரல், "அப்பா" என்றது.

ஒருவர் பின் ஒருவராக ஒருவர் பையை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். முழங்கால்வரை சேறு. மணிமேகலை எண்ணினாள். ஏழாவதாக லாவண்யா வந்தபோதுகூட எண்ணிக்கையை விடவில்லை. பன்னிரண்டு. அப்புறம் டீச்சர். அப்புறம் வேல்ராஜ். அதற்குப்பின் கொஞ்ச தூரம் யாருமில்லை. அந்த இடைவெளியில் அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துவிட்டாள். பிறகு மேகத்துக்குள்ளிருந்து ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு அவர் வந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது, ஆனால் நடந்து வந்தார்.

ராத்திரி பாச்சலூர்ப் பக்கம் தோட்டத் தொழிலாளிகள் வீடுகளில் பிள்ளைகளைத் தங்கவைத்துக் கஞ்சி கொடுத்திருக்கிறார்கள். விடிந்ததும் வேனை அங்கேயே விட்டுவிட்டு நடக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

சேனாதிபதி மகளைக்கூட அப்புறம்தான் தொட்டார். நேராக அவரிடம் போய்க் கையைப் பிடித்தார். "நெஞ்சு எப்படி இருக்கு மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

கந்தவேல் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் மாத்திரைப் பட்டையை நீட்டினாள். வாங்கிக்கொண்டார். ஊர் வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் ஒன்பது நாளும் பேசவில்லை. சடை பின்னினார், பள்ளிக்கூடம் போனார், சாப்பிட்டார். சோறு போட்டால் போதும் என்று கையைக் காட்டுவார். மைதானத்திலிருந்து விசில் கேட்கவில்லை. அந்த ஒன்பது நாளில் மணிமேகலைக்கு ஆறுதலாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், அதுவும் லாவண்யா சொன்னது. பாத்திரம் கழுவிக்கொண்டே போகிறபோக்கில் சொன்னாள்.

"எங்களுக்கு முன்னாடியே தெரியும்மா. அப்பா மாத்திரை போடுறதைப் பாண்டிச்செல்வி பார்த்துட்டா. அதான் அன்னிக்கு ஏத்தத்துல மாத்தி மாத்திக் கால் வலிக்குதுன்னு ஒக்காந்தோம். நாங்க ஒக்காந்தாத்தான் அப்பா ஒக்காருவாருன்னு பேசி வச்சிருந்தோம்."

பன்னிரண்டு பிள்ளைகளும் காட்டுவழி நெடுக நாடகம் ஆடியிருக்கிறார்கள். ஏழு கிலோமீட்டர் நடக்க ஐந்து மணி நேரம் ஆனதற்குக் காரணம் சேறு மட்டும் இல்லை. மணிமேகலை அடுப்படியில் நின்று வெகுநேரம் அழுதாள். இதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பது கடைசிவரை அவளுக்குத் தெரியாது.

பத்தாம் நாள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூடினார்கள். இனிமேல் அணியைக் கூட்டிக்கொண்டு போகப்போவதில்லை, மறைத்தது தன் தப்பு, சொல்லக் கூடாது என்று மனைவியை வாக்கில் கட்டிப்போட்டது அதைவிடப் பெரிய தப்பு என்று கந்தவேல் எழுந்து நின்று சொன்னார். இரண்டு பேர் நல்லதாப் போச்சு என்றார்கள். அவர்கள் பிள்ளைகளை அதற்கப்புறம் மைதானத்துக்கு அனுப்பவே இல்லை. சேனாதிபதி கடைசியில்தான் பேசினார்.

"பிள்ளைக சும்மா இருக்குமா? நீங்க ஓட வேணாம். ஒக்காந்து சொல்லிக்குடுங்க. வெளியூர் போகையில நானும் வாரேன், டிரைவர் பக்கத்துல ஒக்காந்துக்கிறேன். எனக்கு வேற என்ன சோலி?"

அப்படியே ஆயிற்று. மைதான ஓரத்தில் ஒரு நாற்காலி வந்தது. அதில் அவர் பாதி நேரம்தான் உட்கார்ந்தார், அதற்கே மணிமேகலை முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். கூட்டம் முடிந்த அன்று இரவே அவர் அவளிடம் பேசினார். "நீ சொன்னது சரிதான்" என்று மட்டும் சொன்னார். அவள் எதிர்பார்த்தது அதைவிட நீளமானது. இருந்தாலும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஒட்டன்சத்திரத்தில் அணி ஒரு புள்ளியில் தோற்றிருந்தது என்பதையே ஊர் அதற்கப்புறம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டது. மாவட்டத்தில் ஒருமுறை மூன்றாம் இடம் வந்தார்கள், அவ்வளவுதான் அவருடைய வெற்றி. கொரோனாவில் பள்ளி மூடியபோது சிக்னல் இல்லாத வீடுகளுக்குக் கம்பை ஊன்றிக்கொண்டு போய்ப் பாடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த மாதங்களில் மணிமேகலை தூங்கியது குறைவு. இருமல் கேட்டால் எழுந்து உட்காருவாள், கேட்காவிட்டாலும் எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று மாசியில், பூண்டு அறுவடைச் சமயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர் போனார். ரோட்டிலும் இல்லை, மைதானத்திலும் இல்லை. வீட்டு வாசலில் வெயிலில் உட்கார்ந்து எடுத்த பூண்டைத் தாளோடு சேர்த்துக் கட்டாக முடிந்துகொண்டிருந்தார். கண்மணிக்குக் கணக்கில் ஏதோ சந்தேகம், சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். மணிமேகலை இரண்டடி தூரத்தில்தான் இருந்தாள். மாத்திரையை நாக்கடியில் வைத்தாள். சேனாதிபதி ஐந்து நிமிடத்தில் வண்டியோடு வந்தார். பூம்பாறை தாண்டும்போது அவள் மடியில் கிடந்தவரின் கை கனமானது. அவள் சொல்லவில்லை, சேனாதிபதியும் வண்டியை நிறுத்தவில்லை. கொடைக்கானல் ஆஸ்பத்திரி வாசல்வரை இரண்டு பேரும் அவர் உயிரோடு இருக்கிற மாதிரியே போனார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது வயது.

இத்தனை வருடம் அவள் பயந்த எந்த இடத்திலும் அது நடக்கவில்லை. அதனால் பயத்துக்கு எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லையோ என்னவோ, அது வீட்டிலேயே தங்கிவிட்டது. லாவண்யா திண்டுக்கல்லில் கல்லூரி படிக்கிறாள். சனிக்கிழமை பஸ் ஏறினால் வத்தலக்குண்டு வந்தாயா, மலைப்பாதையில் ஊத்து என்கிற ஊர் வந்தாயா என்று மணிமேகலை போன் பண்ணிக்கொண்டே இருக்கிறாள். பாண்டிச்செல்வி கல்யாணமாகிப் பெரும்பாறைப் பக்கம் இருக்கிறாள். அங்கே பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் கோ-கோ சொல்லிக்கொடுக்கிறாளாம், சம்பளமில்லாமல். மழைக்காலம் வந்தால் அவளுக்கும் ஒரு போன் போகும். மந்தைவயலில் அறிவியலுக்கு இன்னும் ஆள் போடவில்லை.

பள்ளியில் மாட்டுவதற்கு அவர் படம் ஒன்று கேட்டார்கள். தேடிப் பார்த்தால் அவர் தனியாக இருக்கிற படமே இல்லை. எல்லாவற்றிலும் பிள்ளைகள் நடுவில், அவர் ஓரத்தில். கடைசியில் ஒன்றை எடுத்துப் பெரிதாக்கினார்கள். இடதுபக்கம் யாரோ ஒரு பிள்ளையின் தோள் கொஞ்சம் வந்திருக்கிறது. தலைமையாசிரியர் அறையில் மாட்டியிருந்தார்கள். போன ஆவணியில் ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கப் போன மணிமேகலை அதைப் பார்த்தாள். படத்தைப் பார்ப்பதற்கு முன் அது தொங்குகிற சுவரைத் தொட்டுப் பார்த்தாள். மேற்குச் சுவர், ஐப்பசியில் ஈரம் இறங்குகிற சுவர். படத்தைக் கழற்றி எதிர்ச்சுவரில் மாட்டச் சொன்னாள். அவர்கள் ஆணி தேடிக்கொண்டு வந்து மாட்டி முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் தோட்டத்துக்குப் போனாள்.